கார்டு போனாலும் லைன் நிற்கக் கூடாது

என்னை முதன்முதலாகத் தனியாக இரவுப் பணியில் விட்ட மாதம். தொலைத்தொடர்பு நிலையத்தில், கார்டுகளை வரிசையாகச் செருகி வைத்திருக்கும் ஒரு ஷெல்ஃபில் க்ராஸ் கனெக்ட் கார்டு, அதாவது எந்த லைன் எங்கே போக வேண்டும் என்று இணைத்துவிடும் கார்டு, செத்துப்போனது. பக்கத்து ஸ்லாட்டில் அதற்கு ஜோடியாக இன்னொன்று இருந்தது. பச்சை விளக்கு எரிந்தது, திரையில் ‘ஸ்டாண்ட்பை’ என்று போட்டிருந்தது. ஆக்டிவ் கார்டு போன கையோடு ஸ்டாண்ட்பை பொறுப்பை எடுத்துக்கொண்டதாகத் திரை சொன்னது. ஆனால் ஷெல்ஃபில் இருந்த லைன்களில் பாதி வரவே இல்லை.

காரணம் மிகச் சின்னது. கார்டைச் செருகி மூட மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு லீவர்கள் இருக்கும். கீழ் லீவர் முழுதாக மூடவில்லை. ஒரு நெல்மணி அளவு இடைவெளி. கார்டின் மேல் பாதி பேக்பிளேனில், அதாவது கார்டுகளை இணைக்கும் பின்பலகையில், நன்றாக உட்கார்ந்திருந்தது, கீழ்ப் பாதியில் சில பின்கள் தொடவில்லை. அதைச் செருகி மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்த மூன்று வருடமும் அதன் வழியாக டிராஃபிக் போனதே இல்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. லீவரை அழுத்தி மூடியதும் மீதி லைன்கள் வந்துவிட்டன. அதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு 1 மணி 40 நிமிடம் ஆனது.

அன்றிலிருந்து ஒரு விஷயத்தில் நான் கறாராக இருக்கிறேன். ஒரு தடவையாவது உண்மையான டிராஃபிக்கைத் தாங்கிக் காட்டாத கார்டை ஸ்டாண்ட்பை என்று நான் கணக்கில் சேர்ப்பதில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு, காப்புக் கார்டுகளை எப்படிப் புரிந்துகொள்வது, எப்படிச் சோதிப்பது, பழுதானதை எப்படி மாற்றுவது என்று நான் செய்கிற விதத்திலேயே சொல்கிறேன்.

முதலில் ஒரு தாளில் வரையுங்கள்

உங்கள் ஷெல்ஃபை ஒரு தாளில் கட்டம் கட்டமாக வரையுங்கள். ஒவ்வொரு ஸ்லாட்டிலும் என்ன கார்டு, அது செத்தால் அதன் வேலையை எந்த ஸ்லாட் எடுத்துக்கொள்ளும் என்று ஒரு அம்புக்குறி போடுங்கள். அம்பு போட முடியாத கட்டங்கள் சில மிஞ்சும். அவைதான் உங்கள் உண்மையான ஆபத்து. பல வருடம் அந்த ஷெல்ஃபைப் பார்த்துக்கொண்டவர்களுக்கே இந்த வரைபடம் சில இடங்களில் ஆச்சரியம் தரும்.

அம்பு போடும்போது மூன்று வகை வரும். 1+1 என்பதில் இரண்டு பக்கமும் ஒரே டிராஃபிக்கை எந்நேரமும் அனுப்பிக்கொண்டே இருக்கும். பெறுகிற முனை எது நன்றாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். 1:1 என்பதில் ஒன்று வேலை செய்யும், மற்றது காத்திருக்கும். காத்திருக்கும் வழியில் முக்கியமில்லாத டிராஃபிக்கை ஏற்றவும் சில கருவிகளில் வசதி உண்டு. ஆனால் பழுது வந்ததும் முதலில் கீழே இறக்கப்படுவது அதுதான், ஆகவே அதில் யாரை ஏற்றியிருக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவது 1:என். பல வேலைக் கார்டுகளுக்குப் பொதுவாக ஒரே ஒரு காப்புக் கார்டு.

இதில் 1:என் பற்றி கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது அதுதான். 2 மெகாபிட் லைன்களான ஈ1-களைத் தாங்கும் கார்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வரும் கேபிள்கள் வேலைக் கார்டில் நேராகச் சேர்வதில்லை. தனியாக உள்ள ஒரு இன்டர்ஃபேஸ் கார்டில் வந்து சேரும். அந்தக் கார்டில் சின்னச் சின்ன ரிலேக்கள், அதாவது மின்சாரத்தால் திரும்பும் சுவிட்சுகள், இருக்கும். வேலைக் கார்டு செத்தால் ரிலேக்கள் திரும்பி, அதே கேபிள்களைப் பேக்பிளேன் வழியாகக் காப்புக் கார்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அமைதியான அறையில் நின்றால் ‘டிக்’ என்று அந்தச் சத்தம் காதிலேயே விழும். காப்புக் கார்டும் சும்மா விழித்துக்கொண்டால் போதாது, செத்த கார்டின் அமைப்பு விவரங்களை ஏற்றிக்கொண்ட பிறகுதான் வேலையைத் தொடங்க முடியும்.

இதிலிருந்து மூன்று விஷயம் தெரிகிறது. ஒன்று, இன்டர்ஃபேஸ் கார்டுக்கே பழுது வந்தால் காப்பு கிடையாது. அதில் மின்னணுப் பாகங்கள் குறைவு என்பதால் எளிதில் கெடாது, ஆனாலும் வரைபடத்தில் அது அம்பு இல்லாத கட்டம்தான். இரண்டு, காப்பு ஸ்லாட் எது என்பதைப் பெரும்பாலும் தயாரிப்பாளரே நிர்ணயித்திருப்பார், நாம் நினைத்த இடத்தில் செருக முடியாது. 75 ஓம் கார்டுகளுக்கு நடுவே 120 ஓம் கார்டைக் காப்பாக வைத்தால் பல கருவிகள் அதை ஏற்காது. மூன்றாவதுதான் முக்கியமானது. ஒரு கார்டு செத்து, காப்பு அதன் வேலையைப் பார்க்கத் தொடங்கியதும் மீதமுள்ள எல்லாக் கார்டுகளும் காப்பில்லாமல் நிற்கின்றன. அலாரம் திரையில் ‘சேவை பாதிப்பு இல்லை’ என்றுதான் வரும். அதைப் பார்த்துவிட்டு நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது ஸ்டெப்னி மாட்டி ஓடிக்கொண்டிருக்கும் வண்டி. அடுத்த ஆணி எப்போது குத்தும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஃபைபர் கார்டுகள் வேறு கதை. ஃபைபரை ரிலே போட்டுத் திருப்ப முடியாது என்பதால் இரண்டு கார்டு, இரண்டு ஜோடி ஃபைபர் என்று முழுதாக இரட்டிப்பாக்கிவிடுவார்கள். எஸ்டிஹெச் என்ற ஃபைபர் வழி அனுப்பும் முறையைப் பயன்படுத்தும் கருவியில் இரண்டு முனைகளும் கே1, கே2 என்ற இரண்டு பைட்டுகள் மூலம் பேசிக்கொண்டு பக்கம் மாறும். வாடிக்கையாளரிடமிருந்து ஒரே ஒரு ஜோடி ஃபைபர்தான் வருகிறது என்றால் ஒய் கேபிள் போடுவோம், ஒளியை இரண்டு கார்டுகளுக்கும் பிரித்துத் தரும் கேபிள் அது. பிரிப்பதால் ஒளியில் பாதி, அதாவது சுமார் 3 டெசிபெல், போய்விடும். ஒளி அளவைக் கணக்கிடும்போது இதைச் சேர்க்க மறந்தால் லைன் விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கும். வாடிக்கையாளர் பக்கம் ஒரு நேரத்தில் ஒரு கார்டின் லேசர் மட்டுமே எரிய வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். இரண்டும் எரிந்தால் ஒன்றையொன்று கெடுக்கும், எதிர் முனைக்குக் கிடைப்பது குப்பைதான்.

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைனஸ் 48 வோல்ட் ஏ, பி என்று இரண்டு வழியாக வரும். ஒவ்வொரு வழியும் தனியாகவே மொத்த ஷெல்ஃபையும் தாங்க வேண்டும். கையில் டார்ச்சை எடுத்துக்கொண்டு இரண்டு கேபிளையும் அதன் பிரேக்கர் வரைக்கும் பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள். இரண்டும் ஒரே பிரேக்கரில் போய் முடிந்தால் உங்களிடம் இருப்பது ஒரே ஒரு வழிதான்.

பச்சை விளக்கை ஏன் நம்பக் கூடாது

ஒரு சின்னக் கணக்கு. ஒரு கார்டுக்கு எம்டிபிஎஃப், அதாவது பழுதுகளுக்கு இடையிலான சராசரி நேரம், 2 லட்சம் மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஃபிட் கணக்கில் 5,000. 1 ஃபிட் என்றால் 100 கோடி மணி நேரத்துக்கு ஒரு பழுது. 2 லட்சம் மணி நேரம் என்பது ஏறத்தாழ 23 வருடம். ஒரு கார்டு 23 வருடம் ஓடும் என்று இதற்கு அர்த்தமில்லை. 20 கார்டு உள்ள ஷெல்ஃபில் சராசரியாக 14 மாதத்துக்கு ஒரு கார்டு போகும். அப்படிப் பத்து ஷெல்ஃப் உங்கள் பொறுப்பில் இருந்தால் ஆறு வாரத்துக்கு ஒன்று. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் கார்டு பழுது என்பது எப்போதாவது நடக்கும் விபத்து இல்லை, வழக்கமான வேலை என்று எனக்குப் புரிந்தது.

காப்பு இல்லாத ஒரு கார்டை 4 மணி நேரத்தில் மாற்றிவிடுகிறோம் என்றால் வருடத்துக்குச் சராசரியாக 10 நிமிடத்துக்கு மேல் சேவை போகும். 99.999 சதவீதம் என்று ஒப்பந்தத்தில் எழுதினால் வருடத்துக்கு 5.26 நிமிடம்தான் அனுமதி. காப்பில்லாமல் அதைத் தொடவே முடியாது. இரண்டு கார்டு போட்டால் காகிதத்தில் அந்த 10 நிமிடம் கிட்டத்தட்ட பூஜ்யமாகிவிடும். அந்தக் காகிதக் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. ஸ்டாண்ட்பை கார்டு செத்தால் அந்த நொடியே நமக்குத் தெரிய வேண்டும்.

தெரியாவிட்டால்? கார்டு தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும்தான். ஆனால் எல்லாவற்றையும் அதனால் சோதிக்க முடியாது. நான் சொன்ன லீவர் ஒரு உதாரணம். பக்கம் மாறும்போது மட்டும் திரும்ப வேண்டிய ரிலே இன்னொன்று. கார்டின் பழுதுகள் எல்லாமே இப்படி மௌனமானவை என்று மோசமாகவே வைத்துக்கொண்டு, வருடத்துக்கு ஒருமுறை மட்டும் சோதித்தால், நாம் அதன் பக்கம் திரும்பும் வேளையில் அந்தக் கார்டு ஏற்கெனவே செத்திருக்கும் வாய்ப்பு 45-க்கு ஒன்று. மாதம் ஒருமுறை சோதித்தால் அது 550-க்கு ஒன்று அளவுக்கு இறங்கிவிடும். ஒரு ரூபாய்க்குப் பொருள் வாங்காமல், சோதனையால் மட்டும் கிடைக்கும் லாபம் இது.

சோதிக்கும் முறை

டிராஃபிக் குறைந்த நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். அனுமதி வாங்குங்கள். தொடங்கும் முன் அலாரம் பட்டியலை ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். சோதனைக்குப் பிறகு ‘இந்த அலாரம் முன்பே இருந்ததா, நாம் கிளப்பியதா’ என்ற கேள்வி நிச்சயம் வரும். பிழை எண்ணிக்கைகள் 15 நிமிடக் கட்டங்களாகவும் 24 மணி நேரக் கட்டங்களாகவும் பதிவாகும். நடப்புக் கட்டத்தில் இரண்டு கார்டுகளும் சுத்தமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். காப்புப் பக்கத்தில் ஏதாவது பிழை ஏறிக்கொண்டிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

அடுத்து, காப்புக் கார்டு யாராலாவது பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். லாக்அவுட் என்ற கட்டளை காப்புக் கார்டுக்கு யாரும் போக முடியாமல் தடுத்துவிடும். பராமரிப்புக்குப் போட்டவர் எடுக்க மறந்துவிட்டால், கார்டு நன்றாக இருக்கும், விளக்கு பச்சையாக எரியும், ஆனால் பழுது வரும்போது பக்கம் மாறவே மாறாது. நானே ஒருமுறை போட்டுவிட்டு ஷிஃப்ட் மாறும் அவசரத்தில் எடுக்காமல் போயிருக்கிறேன். பதினோரு நாள் கழித்து மாதச் சோதனையில்தான் தெரிந்தது. நடுவில் எதுவும் சாகாமல் இருந்தது என் அதிர்ஷ்டம். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்கும்.

கட்டளைகளுக்குள் ஒரு அதிகார வரிசை உண்டு, இது மனப்பாடமாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே லாக்அவுட். அதற்குக் கீழே ஃபோர்ஸ்டு ஸ்விட்ச். அதற்கும் கீழேதான் உண்மையான பழுது: முதலில் சிக்னல் முழுதாகப் போவது, அடுத்து சிக்னல் தரம் குறைவது. அதற்குப் பிறகு மேனுவல் ஸ்விட்ச், அதன் பின் திரும்பக் காத்திருக்கும் நிலை, கடைசியில் எக்சர்சைஸ். சோதனைக்கு ஃபோர்ஸ்டு ஸ்விட்ச் போடவே கூடாது என்பதற்கு இந்த வரிசைதான் காரணம். மேனுவல் ஸ்விட்ச் உண்மையான பழுதுக்கு அடங்கியது. காப்புப் பக்கத்தில் கோளாறு இருந்தால் போகவே மறுக்கும். போன பிறகு கோளாறு வந்தால் தானாகத் திரும்பிவிடும். ஃபோர்ஸ்டு அப்படி இல்லை, வேலைப் பக்கத்தில் என்ன நடந்தாலும் நீங்கள் சொன்ன இடத்திலேயே பிடித்து நிறுத்தும். கார்டைக் கழற்றும்போது வேண்டியது ஃபோர்ஸ்டு, சோதிக்கும்போது வேண்டியது மேனுவல்.

சரி, இப்போது முதலில் எக்சர்சைஸ். இது டிராஃபிக்கை நகர்த்தாது, இரண்டு முனைகளும் பேசிக்கொள்வது சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். அது தேறினால் மேனுவல் ஸ்விட்ச். கட்டளை கொடுக்கும் முன் ஒரு காலி ஈ1-இல் அனுப்பியதே திரும்பி வரும்படி எதிர் முனையில் லூப் போட்டு, இந்த முனையில் பிழைகளை எண்ணும் பிட் எரர் டெஸ்டரை மாட்டி வையுங்கள். பக்கம் மாறும்போது எத்தனை மில்லி செகண்ட் அறுந்தது என்று அது சொல்லும். சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு-டியின் ஜி.841 தரத்தின்படி பழுதைக் கண்டறிந்த பிறகு 50 மில்லி செகண்டுக்குள் மாற வேண்டும். ஒரு ஈ1-க்கு அது 400 ஃப்ரேம். தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பவருக்கு ஒரு சின்ன ‘டக்’ மட்டுமே கேட்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 50 மில்லி செகண்ட் என்பது கண்டறிந்த பிறகு. கார்டை யாராவது பிடுங்கினால் உடனே தெரிந்துவிடும். ஆனால் கார்டின் ப்ராசஸர் உள்ளுக்குள் உறைந்துபோய் நின்றால், அதைக் கண்காணிக்கும் வாட்ச்டாக் டைமர் முடிந்து ‘இவன் பேசவில்லை’ என்று முடிவுக்கு வரச் சில நொடிகள்கூட ஆகலாம். அதனால் கார்டு பழுதுக்கு எப்போதும் 50 மில்லி செகண்ட் என்று வாடிக்கையாளரிடம் வாக்குக் கொடுக்காதீர்கள்.

பக்கம் மாறியதும் பலர் ‘மாறிவிட்டது, நல்லது’ என்று உடனே திருப்பிவிடுவார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. முழுதாக 24 மணி நேரம் காப்புக் கார்டிலேயே விட்டுவிடுவேன். பகல் டிராஃபிக், பகல் சூடு இரண்டையும் அது ஒருமுறை தாங்க வேண்டும். லேசர் வலுவிழந்த கார்டும், கார்டுக்குள் மின்னழுத்தத்தை மாற்றித் தரும் பகுதியில் கெப்பாசிட்டர் தளர்ந்த கார்டும் இரவில் ஐந்து நிமிடம் நன்றாகத்தான் ஓடும். மதியம்தான் பல்லைக் காட்டும். மறுநாள் இரவு 24 மணி நேரக் கட்டத்தில் பிழை பூஜ்யம் என்று பார்த்த பிறகு திருப்புவேன். சிலர் திருப்புவதே இல்லை. இந்த மாதம் இந்தக் கார்டு, அடுத்த மாதம் அந்தக் கார்டு என்று மாறி மாறி ஓட்டுகிறார்கள். 1+1 ஜோடிக்கு இதைவிட நல்ல பழக்கம் இல்லை.

பழுது சரியானதும் தானாகத் திரும்பும்படி அமைத்திருந்தால் திரும்புவதற்கு முன் ஒரு காத்திருப்பு நேரம் இருக்கும், பொதுவாக 5 முதல் 12 நிமிடம். அதைச் சுருக்கி வைக்காதீர்கள். விட்டு விட்டுக் கெடுகிற கார்டு இருந்தால் டிராஃபிக் அங்கும் இங்கும் பந்தாடப்படும். ஒவ்வொரு முறையும் ஒரு அறுப்பு.

கார்டைப் பிடுங்கிச் சோதிப்பது பற்றிக் கேட்பீர்கள். ஷெல்ஃபை முதன்முதலில் நிறுவி ஏற்றுக்கொள்ளும்போது, டிராஃபிக் ஏறுவதற்கு முன், ஒவ்வொரு கார்டையும் கட்டாயம் பிடுங்கிப் பார்க்க வேண்டும். கட்டளை கொடுத்து மாறுவது சொல்லிவைத்துப் பொறுப்பை ஒப்படைப்பது. சாவு அப்படிச் சொல்லிக்கொண்டு வராது, அதைப் பிடுங்கித்தான் பார்க்க முடியும். டிராஃபிக் ஏறிய பிறகு அந்தச் சோதனை வேண்டாம்.

கன்ட்ரோலர் கார்டுகள்

மொத்த ஷெல்ஃபையும் நிர்வகிக்கும் கன்ட்ரோலர் ஜோடியில் கார்டு நன்றாக இருக்கிறதா என்பதோடு, அதற்குள் இருக்கும் தகவல் நன்றாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆக்டிவ் கன்ட்ரோலரில் இருக்கும் டேட்டாபேஸ் நொடிக்கு நொடி ஸ்டாண்ட்பைக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ‘ஸ்டாண்ட்பை’ என்று போட்டிருந்தால் போதாது, ‘சிங்க் முடிந்தது’ என்று இருக்க வேண்டும். சிங்க் ஆகிக்கொண்டிருக்கும்போது பக்கம் மாற்றினால் அரைகுறைத் தகவலோடு ஒரு கன்ட்ரோலர் நாற்காலியில் உட்காரும். அந்த நேரத்தில் புது லைன் எதுவும் அமைக்கவும் வேண்டாம்.

உதிரியாக வந்த கன்ட்ரோலரை உள்ளே போடும் முன் அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். வேறொரு ஷெல்ஃபில் இருந்து கழற்றியது என்றால் அதன் ஃப்ளாஷில் அந்த ஷெல்ஃபின் டேட்டாபேஸ் இருக்கக்கூடும். ஓடிக்கொண்டிருக்கும் ஆக்டிவ் கார்டுக்குப் பக்கத்தில் செருகினால் ஆக்டிவின் தகவல் அதன் மேல் எழுதப்படும், பயமில்லை. இரண்டு கன்ட்ரோலரும் இல்லாத நிலையில் அதை மட்டும் செருகினால், சில கருவிகளில் பழைய ஊரின் அமைப்பை இந்த ஊரில் ஏற்றிவிடும். அதனால் உதிரி கன்ட்ரோலரை லேப் ஷெல்ஃபில் போட்டு அழித்து, சரியான மென்பொருள் பதிப்பை ஏற்றி, உறையில் தேதி எழுதி வைத்துவிடுவேன்.

ரவுட்டர் என்றால் இன்னொரு சிக்கல். கன்ட்ரோலர் மாறும் சில நொடிகள் பக்கத்து ரவுட்டர்கள் பொறுமையாக இருக்க வேண்டும். ரவுட்டர்கள் வழிகளைப் பகிர்ந்துகொள்ளும் ஓஎஸ்பிஎஃப் முறையில், வழக்கமான அமைப்பில் 10 நொடிக்கு ஒரு ஹலோ, 40 நொடி வராவிட்டால்தான் அண்டை வீட்டுக்காரர் செத்தார் என்று முடிவு. ஆனால் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று வேகமாகப் பார்க்கும் பிஎஃப்டியை 50 மில்லி செகண்டுக்கு ஒன்று, மூன்று தவறினால் போச்சு என்று அமைத்திருந்தால் 150 மில்லி செகண்டில் உறவை முறித்துவிடும். அந்த பிஎஃப்டி, லைன்கள் வந்து சேரும் லைன் கார்டில் ஓடினால் பிரச்சினை இல்லை. கன்ட்ரோலரில் ஓடினால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய இரண்டாவது கன்ட்ரோலர் வீண். எங்கே ஓடுகிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

காப்புக் கார்டு காப்பாற்றாத இடம்

1965-இல் நியூ ஜெர்சியின் சக்கசன்னா என்ற ஊரில் பெல் நிறுவனத்தின் 1 இஎஸ்எஸ் மின்னணு எக்ஸ்சேஞ்ச் வேலைக்கு வந்தது. 40 வருடத்தில் மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்பது அதன் இலக்கு. வருடத்துக்கு 3 நிமிடம். அதற்காகவே ப்ராசஸரை இரண்டாகப் போட்டு, இரண்டும் ஒரே வேலையைச் செய்து ஒன்றையொன்று ஒப்பிட்டுக்கொள்ளும்படி அமைத்தார்கள். இன்றைக்கும் நாம் செய்வது அதன் பேரப்பிள்ளைதான்.

அதே பரம்பரையில் வந்த 4 இஎஸ்எஸ் எக்ஸ்சேஞ்சுகள் 1990 ஜனவரி 15 அன்று அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டியின் நெட்வொர்க்கில் ஒன்றன்பின் ஒன்றாகத் தங்களைத் தாங்களே ரீசெட் செய்துகொண்டன. 114 எக்ஸ்சேஞ்சுகள், சுமார் 9 மணி நேரம். எந்த வன்பொருளும் எரிந்துபோகவில்லை. மீண்டு வருவதற்காக எழுதிய மென்பொருளிலேயே பிழை, அது எல்லா எக்ஸ்சேஞ்சிலும் ஒரே பிரதியாக இருந்தது. இரண்டு கார்டிலும் ஒரே மென்பொருள் என்றால் ஒன்றைக் கொன்ற பிழை மற்றதையும் கொல்லும். அதனால் மென்பொருளை மாற்றும்போது முதலில் ஸ்டாண்ட்பையில் ஏற்றுங்கள், பக்கம் மாற்றி ஓட விடுங்கள், பழையதை மற்ற கார்டில் அப்படியே வைத்திருங்கள். நன்றாக ஓடுகிறது என்று உறுதியான பிறகு இரண்டாவதையும் மாற்றுங்கள்.

இரண்டு கார்டையும் ஒன்றாகக் கொல்வதில் அடுத்த ஆள் சூடு. ஃபேன் ட்ரேயில் தூசி வடிகட்டி அடைத்துக்கொண்டால் ஆக்டிவும் ஸ்டாண்ட்பையும் சேர்ந்தே வேகும். காலி ஸ்லாட்டை மூடும் தகட்டைக் கழற்றித் தொலைத்துவிட்டால் காற்று அந்த ஓட்டை வழியே போய்விடும், பக்கத்துக் கார்டுகளுக்குக் கிடைக்காது. பேக்பிளேனுக்குக் காப்பே கிடையாது. அதில் ஒரு பின் வளைந்தால் அந்த ஸ்லாட்டோடு கதை முடிந்தது.

பழுதான கார்டை மாற்றும்போது

எங்கள் குழுவில் நடந்தது. ஸ்லாட் 7-இல் உள்ள கார்டு செத்து, காப்பு அதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாற்றப் போனவர் ரேக்கின் பின்பக்கம் கேபிளைப் பார்த்துவிட்டு, அதே நினைப்பில் முன்பக்கம் வந்து வலமிருந்து எண்ணினார். அவர் பிடுங்கியது உயிரோடு இருந்த கார்டு. அதைக் காக்க வேண்டிய காப்பு ஏற்கெனவே வேறு வேலையில் இருந்தது. போனில் ‘சார், தப்பான கார்டை எடுத்துட்டேன்’ என்று அவர் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. நல்ல வேலைக்காரர், களைப்பில் செய்த தவறு. அதற்குப் பிறகு நாங்கள் ஒரு வழக்கம் வைத்தோம். பிடுங்கும் முன் ரேக் எண், ஷெல்ஃப் எண், கார்டின் முகப்பில் அச்சிட்டிருக்கும் ஸ்லாட் எண், எரியும் விளக்கின் நிறம் நான்கையும் போனில் வாய்விட்டுப் படிக்க வேண்டும். திரைக்கு முன் இருப்பவர் திரையில் பார்த்து ‘ஆமாம்’ என்று சொன்ன பிறகுதான் லீவரில் கை வைக்க வேண்டும். விளக்கை மினுக்கிக் காட்டும் கட்டளை உங்கள் கருவியில் இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள்.

மணிக்கட்டில் எர்த் பட்டையை மாட்டுங்கள். நமக்கு உறைக்காத அளவு நிலைமின்சாரமே சிப்பைக் காயப்படுத்தும், அந்தக் காயம் மாதங்கள் கழித்துத்தான் வெளியே தெரியும். காப்புக் கார்டில் பிழை ஏறவில்லை என்று பார்த்து ஃபோர்ஸ்டு ஸ்விட்ச் போட்டு நிறுத்துங்கள். ஃபைபர் இருந்தால் கழற்றும் முன் பெயர் ஒட்டி, கழற்றியதும் மூடி போடுங்கள். இரண்டு லீவரையும் ஒன்றாகத் திறந்து, கார்டை நேராக இழுங்கள்.

இப்போது அவசரப்படாமல் டார்ச் அடித்து ஸ்லாட்டுக்குள் பாருங்கள். பின்கள் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றனவா? ஒன்று வளைந்திருந்து, அதைப் பார்க்காமல் புதுக் கார்டை அழுத்தினால் இரண்டு பின்கள் ஒட்டிக்கொள்ளும், ஷெல்ஃப் மொத்தமும் விழுந்துவிடக்கூடும். செருகுவதற்கு முன் புதுக் கார்டின் பார்ட் எண்ணையும் பதிப்பையும் பழையதோடு ஒப்பிடுங்கள். தடத்தில் நுழைந்த பிறகு இரண்டு விரலால் தள்ளினாலே போக வேண்டும். முரண்டு பிடித்தால் வெளியே எடுங்கள், அழுத்தாதீர்கள். கடைசியில் மேல் கீழ் லீவர்களை ஒரே நேரத்தில் மூடி, முகப்பு பக்கத்துக் கார்டோடு சமமாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அந்த நெல்மணி இடைவெளியைக் கண்ணைவிட விரல் சீக்கிரம் கண்டுபிடிக்கும்.

கார்டு விழித்து மென்பொருளை இறக்கிக்கொள்ள நேரம் எடுக்கும். விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்போது பிடுங்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். அப்புறம் அலாரம் பட்டியலை முதலில் சேமித்ததோடு ஒப்பிட்டு, ஃபோர்ஸ்டு ஸ்விட்சை எடுத்து, டிராஃபிக்கைப் புதுக் கார்டுக்குத் திருப்பி, ஒரு முழு 15 நிமிடக் கட்டம் முடியும் வரை அங்கேயே நில்லுங்கள்.

கழற்றிய கார்டை நிலைமின்சாரப் பையில் போட்டு, என்ன அலாரம் வந்தது, எப்போது வந்தது, எந்த ஸ்லாட் என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்கள். ‘பழுது’ என்று மட்டும் எழுதி அனுப்பினால் பழுதுபார்க்கும் மேசையில் நன்றாக ஓடிவிட்டு, ‘குறை இல்லை’ என்ற சீட்டோடு திரும்பி வரும், ஒரு நாள் உங்களுக்கே உதிரியாகக் கிடைக்கும். ஷெல்ஃபில் இருக்கும் காப்புக் கார்டு உதிரி ஆகாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மாற்றிப் போட அலமாரியில் தனியாக ஒன்று வேண்டும். பழுதுபார்க்கப் போன கார்டு திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும்.

அறையை விட்டு வெளியே வரும் முன் கடைசியாக ஒரு கட்டளை. இந்த ஷெல்ஃபில் லாக்அவுட், ஃபோர்ஸ்டு, மேனுவல் என்று எதுவாவது பாக்கி நிற்கிறதா என்று பட்டியல் கேளுங்கள். காலியாக வர வேண்டும். அந்தக் காலித் திரையைப் படம் எடுத்து வேலைச் சீட்டோடு இணைத்த பிறகுதான் நான் கதவைப் பூட்டுவேன்.